அண்ணன் போடாத விரல்

என் அண்ணனுக்குப் படம் வரையத் தெரியாது என்று முதலில் சொன்னது ஓவியக் கல்லூரி. இரண்டாவதாகச் சொன்னது நான். கல்லூரி ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு மறந்துவிட்டது. நான் ஏறக்குறைய இருபது வருஷம் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் குற்ற உணர்ச்சியும் சேர்ந்துதான் இப்போது என்னை எழுத வைக்கிறது.

அண்ணன் ஒரு நாளிதழின் மூன்றாம் பக்கத்தில், கீழே வலது ஓரத்தில், தினமும் மூன்று கட்டம் வரைகிறவன். அதில் வரும் குமாஸ்தாவுக்குத் தொப்பையார் என்று பெயர். இடது கக்கத்தில் மடக்கிய குடை, இடது கை முஷ்டியில் ஒரு பை. முதல் கட்டத்தில் அவருக்கு ஏதாவது தொல்லை வரும். இரண்டாவதில் அது இரட்டிப்பாகும். மூன்றாவதில் வலது கையை உயரத் தூக்கி, "அதுக்கென்ன, பாத்துக்கலாம்!" என்பார். இருபத்திரண்டு வருஷம், வாரத்தில் ஆறு நாள், இதேதான். வீட்டில் குழாய் உடைந்து தண்ணீர் முழங்கால் வரை வந்தாலும், மேலதிகாரி கோப்பைத் தலையில் எறிந்தாலும், தொப்பையாரின் வலது கை மேலே போய்விடும். முடிவெட்டும் கடையிலும் பேருந்திலும் ஆட்கள் கையைத் தூக்கி அதையே சொல்லிச் சிரிப்பதை நான் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் அது என் அண்ணன் எழுதியது என்று நான் சொல்லிக்கொண்டதில்லை.

அந்தத் தூக்கிய கையில் நாலு விரல்தான் இருக்கும். கட்டை விரலும் மற்ற மூன்றும். சுண்டு விரல் கிடையாது. கார்ட்டூன் என்றால் அப்படித்தான், இடம் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று வாசகர்கள் நினைத்துக்கொண்டார்கள். காரணம் அது இல்லை.

எங்கள் அப்பா ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் வேலை பார்த்தவர். நான் பிறப்பதற்கு முன்பே அந்த மெஷின் அவருடைய வலது சுண்டு விரலை அடியோடு வாங்கிக்கொண்டது. ஒரு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தாராம், பிறகு அதே மெஷினுக்குத் திரும்பப் போனாராம். அதைப் பற்றி அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை. வெட்டிய ஓரக் காகிதங்களைக் கத்தை கத்தையாக வீட்டுக்குக் கொண்டுவருவார். அந்த நீளமான துண்டுகளில்தான் அண்ணன் வரையக் கற்றுக்கொண்டான். அகலமான படம் அவனுக்கு இன்றைக்கும் வராது.

கை வரையப் பழக அவனுக்குக் கிடைத்த மாதிரி ஒன்றே ஒன்று. அம்மாவின் கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. என் கை அவனுடைய பென்சிலைப் பிடுங்குவதிலேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா நாற்காலியில் தூங்கும்போது கைப்பிடியில் தொங்கும் அந்த வலது கைதான் அசையாமல் இருந்தது. அதைப் பார்த்து நூறு தடவை, இருநூறு தடவை வரைந்திருப்பான். மனிதக் கை என்றால் அவனுக்கு அந்தக் கைதான்.

ஓவியக் கல்லூரி நுழைவுத் தேர்வில் ஓர் ஆளை உட்கார வைத்து வரையச் சொன்னார்கள். கைகள் இரண்டும் மடியில். அந்த ஆளுக்குப் பத்து விரல். அண்ணன் ஒன்பது போட்டுவிட்டு வந்தான். தேர்வாளர் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னப்பா, உனக்கு எண்ணத் தெரியாதா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டிருக்கிறார். அப்போதுதான் அண்ணனுக்கே தெரிந்ததாம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "கலர்ல போயிடுச்சுப்பா" என்றான். அந்தத் தேர்வில் பென்சிலைத் தவிர வேறெதுவும் கிடையாது. உண்மையை எனக்கு மட்டும் சொல்லி, அப்பாவிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். மூன்று வருஷம் கழித்து நான் அதே தேர்வு எழுதப் போனேன். வாசல் வரை வந்து, என் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"விரலை எண்ணிட்டுப் பேப்பரைக் குடு" என்றான்.

எண்ணிவிட்டுக் கொடுத்தேன். இடம் கிடைத்தது. அன்றிலிருந்து வீட்டில் நான் கலைஞர், அவன் படம் போடுகிறவன்.

கல்லூரியில் ஒரு பேராசிரியர் இருந்தார். பத்திரிகைப் படங்களைக் கண்டாலே அவருக்கு மூக்கு சுருங்கும். "இதெல்லாம் கலை இல்லம்மா, வெறும் கைப்பழக்கம்" என்பார். அதை அப்படியே வீட்டுக்குச் சுமந்து வந்து அண்ணன் தலையில் கொட்டினேன். அவன் கோபப்படவில்லை. "சரியாத்தான் சொல்றார். கைப்பழக்கம்தான்" என்று சொல்லிவிட்டுத் தொப்பையாரின் கைக்கு மை போட்டான். எனக்குத்தான் எரிச்சல் வந்தது. சண்டைக்கு வராத ஆளிடம் எப்படி ஜெயிப்பது?

என் முதல் ஓவியக் கண்காட்சிக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, பின்னால் கட்டிய கை. ஆறடிக்கு ஆறடி சாம்பல் நிறக் கித்தான் ஒன்றின் முன்னால் ரொம்ப நேரம் நின்றான். பிறகு என் காதோரம் குனிந்து, "எங்கடீ சிரிக்கணும்?" என்று கேட்டான். கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம். ஒரு மாதம் அவனோடு பேசவில்லை.

இப்போது என் பிழைப்பையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சாம்பல் கித்தானை யாரும் வாங்கவில்லை. இன்றுவரை நான் சாப்பிடுவது ஹோட்டல்களுக்கு வரைந்துதான். திரைச்சீலையிலிருந்து ஒரு துண்டு வெட்டி அனுப்புவார்கள், அந்த நிறத்துக்கு ஒத்துப்போகிற மாதிரி கடலோ மரமோ போட்டுத் தர வேண்டும். ஒருமுறை சோபாவை மாற்றிவிட்டார்கள் என்பதற்காக முப்பது சூரிய அஸ்தமனங்களைப் பச்சையாக்கிக் கொடுத்திருக்கிறேன். இது அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் சிரிக்கவில்லை. "பச்சைச் சூரியனா? பாக்க நல்லாத்தான் இருக்கும்" என்றான். அந்தப் பெருந்தன்மைக்கு அவனை அடிக்கலாம் போல இருந்தது.

அவன் வேலை செய்வதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். சாப்பாட்டு மேஜைதான் அவன் ஆபீஸ். எந்த முகத்தை வரைகிறானோ அந்த முகம் அவனுக்கு வந்துவிடும். மேலதிகாரிக்குப் புருவம் நெரித்து, தொப்பையாருக்குக் கன்னம் உப்பி, நாய்க்கு நாக்கைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பான். நகைச்சுவை தேறுமா தேறாதா என்று முடிவு செய்வது அண்ணி. காலையில் அவள் வேலைக்குக் கிளம்பத் தலை சீவிக்கொண்டிருக்கும்போது மூன்று கட்டத்தையும் சத்தமாகப் படிப்பான். சீப்பு நிற்காமல் ஓடினால் அந்த யோசனை குப்பைக்குப் போகும். சீப்பு நின்றால் அன்றைக்கு அதுதான். அண்ணி வாய்விட்டுச் சிரித்ததாகச் சரித்திரம் இல்லை. சீப்பு நிற்பதுதான் அந்த வீட்டில் கைதட்டல்.

அம்மா போன பிறகு அப்பா அவர்களோடுதான் இருக்கிறார். அவருக்கும் ஒரு வேலை உண்டு. ஜன்னலோர மேஜையில் பேப்பரை விரித்து, பூதக்கண்ணாடியும் சிவப்புப் பென்சிலுமாக முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பிழை பார்ப்பார். வெட்டிய பக்கங்களை வாழ்நாளெல்லாம் பார்த்தவருக்குக் கோணலாக ஒரு கோடு இருந்தாலும் உடம்பு தாங்காது. வட்டமிட்டவற்றை வாரக் கடைசியில் உறையில் போட்டு ஆசிரியருக்குத் தபாலில் அனுப்புவார். "ஒரு வாசகர்" என்று கையெழுத்து. மகன் பெயரைச் சொல்லிச் சலுகை வாங்கக் கூடாது என்பது அவர் கொள்கை. மகனுக்குச் சலுகை கொடுப்பதும் கிடையாது. "செவ்வாய்க்கிழமை தொப்பையாருக்குச் சட்டையில் ஐந்து பொத்தான், புதன்கிழமை நாலு" என்று வட்டம் வந்திருக்கிறது. "குடைப் பிடி தலைகீழ்" என்று வந்திருக்கிறது.

விரலைப் பற்றி மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. பொத்தானை எண்ணுகிற மனிதர் விரலை எண்ணாமலா இருப்பார்? அவருக்குத் தெரியும், மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று நான் நினைத்தேன். வருத்தமாகக்கூட இருக்கலாம் என்று அண்ணன் பயந்தான். கேட்க எங்கள் இருவருக்குமே தைரியம் இல்லை.

தொப்பையாரின் இருபத்து மூன்றாம் வருஷத்தில் பத்திரிகைக்குப் புதிய விளம்பர மேலாளர் வந்தார். மூன்றாம் பக்க வலது ஓரம் அவர் கண்ணை உறுத்தியது. அவ்வளவு நல்ல இடத்தில் ஒரு தொப்பைக்காரன் இருபத்திரண்டு வருஷமாக வாடகை இல்லாமல் குடியிருக்கிறான் என்று ஆசிரியரிடம் சொன்னாராம். அதோடு அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். ஒரு சலவைத்தூள் கம்பெனி தொப்பையாரைத் தத்தெடுக்கத் தயாராக இருந்தது. தத்துக் கொடுத்தால் கட்டம் தொடரும், ஓரத்தில் கம்பெனி பெயர் வரும். இல்லையென்றால் அடுத்த மாதத்திலிருந்து அந்த இடம் விளம்பரத்துக்கு.

அந்தத் தூளுக்கு ஐந்து குணம். கறை போக்கும், நாற்றம் போக்கும், கிருமி கொல்லும், நிறம் காக்கும், துணியை மென்மையாக்கும். தொப்பையார் தூக்கிய கையில் விரலுக்கு ஒரு குணம் எழுதி, "அதுக்கென்ன, பாத்துக்கலாம்!" என்று தெருவெல்லாம் விளம்பரத் தட்டி வைப்பதாகத் திட்டம்.

"நாலு விரல்ல அஞ்சு குணத்தை எங்க சார் மாட்டுறது?" என்று மேலாளர் கேட்டிருக்கிறார்.

"மென்மையை இடது கைக்குக் குடுத்துடலாமே?" என்றானாம் அண்ணன்.

"இடது கைல பை இருக்கே."

"அப்ப குடையில மாட்டுங்க."

மேலாளர் சிரிக்கவில்லை. தட்டியில் ஐந்து என்றால் பத்திரிகையிலும் ஐந்துதான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜனங்கள் குழம்புவார்கள் என்றார். ஒரு வாரம் ஐந்து விரலோடு வரட்டும், அடுத்த திங்கட்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து.

அண்ணன் என் ஓவிய அறைக்கு வருவதே அபூர்வம். அன்று வந்தான். இரண்டு கித்தான்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைத் தேடி உட்கார்ந்து, ஒரு கட்டுத் தாளை நீட்டினான். தாள் முழுக்கக் கைகள். ஒவ்வொன்றிலும் ஐந்து விரல். ஒன்றில் வாழைப்பழச் சீப்பு மாதிரி, ஒன்றில் கையுறைக்குள் காற்று அடித்த மாதிரி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

"எனக்கு வரலடீ. மூணு நாளாப் போட்டுப் பாக்கறேன். நீ போட்டுக் குடு" என்றான்.

"உனக்கு இஷ்டம் இல்லேன்னா முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"சொல்லிட்டு? காலைல எழுந்து நான் என்ன பண்றது?"

நாற்பத்தெட்டு வயசு மனிதன், பள்ளிக்கூடத்தில் பை தொலைத்த பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அதைக் கேட்டான். அந்த மூன்று கட்டம்தான் அவன் எழுந்திருக்கிற காரணம். அதை எடுத்துவிட்டால் என் அண்ணனில் பாதி காலியாகிவிடும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்பா?" என்றேன்.

"இத்தனை வருஷம் கேக்கல. இப்பவும் கேக்க மாட்டார்."

போட்டுக் கொடுத்தேன். வாடிக்கையாளர் கேட்டால் சூரியனையே பச்சையாக்குகிறவளுக்கு ஒரு சுண்டு விரல் பெரிய விஷயமா? ஆறு நாளுக்கான ஆறு கைகளிலும் கைக்கு ஒரு விரல் சேர்த்தேன். கல்லூரியில் படித்த விரல் அது. கணு, நகம், லேசான மடிப்பு எல்லாம் இருந்தது. தொப்பையாரின் மற்ற விரல்கள் கொழுக்கட்டை மாதிரி இருக்க, அது மட்டும் கல்யாண வீட்டுக்குக் கோட்டு போட்டு வந்த ஆள் போலத் தனியாக நின்றது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

ஐந்து விரல் கை முதன்முதலாக அச்சில் வந்த திங்கட்கிழமை காலை என்னால் என் வீட்டில் இருக்க முடியவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி தலை சீவிக்கொண்டிருந்தாள். அண்ணன் சாப்பாட்டு மேஜையில் எழுதாத பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்பா ஜன்னலோரத்தில் இரண்டாம் பக்கத்தில் இருந்தார். பக்கம் திரும்பியது. நாங்கள் மூன்று பேரும் அவரைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் பக்கத்தின் அடிக்கு வந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

"டேய், இங்க வா. இதை எண்ணு."

அண்ணன் போய்ப் பக்கத்தில் நின்றான்.

"ஒரு விரல் கூடுதலாப் போட்டிருக்கே" என்றார் அப்பா.

"அஞ்சுதானேப்பா இருக்கணும்?"

"யாருக்கு?" என்றார்.

அண்ணியின் சீப்பு நின்றுவிட்டது. அப்பாவின் குரலில் கோபமும் இல்லை, துக்கமும் இல்லை. பொத்தானையும் குடைப் பிடியையும் சொல்கிற அதே குரல்தான். இருபத்திரண்டு வருஷமாக அவர் எதையும் மனதில் பூட்டி வைக்கவில்லை. வருத்தமும் படவில்லை. தினமும் அந்தக் கையைப் பார்த்திருக்கிறார், அதில் தப்பு எதுவும் தெரியவில்லை, அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். நாங்கள் இரண்டு பேரும்தான் இல்லாத காயத்துக்கு இத்தனை காலம் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தோம்.

"இத்தனை வருஷம் ஒழுங்காப் போட்டுட்டு இருந்தே. இப்ப என்ன கவனம் போச்சு?" என்று சொல்லிக்கொண்டே என் அருமையான சுண்டு விரலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார். ஓரத்தில் எழுதினார். பக்கத்தைக் கத்தரித்து உறையில் வைத்தார். "தபால்ல போட்டா மூணு நாள் ஆகும். அதுக்குள்ள இன்னும் மூணு நாள் தப்பா வந்துடும். நீதான் பேப்பர் ஆபீஸுக்குப் போறியே, கையோட குடுத்துடு. நான் யாருன்னு சொல்லாத."

கொள்கையை முதல் தடவையாகத் தளர்த்தினார் என்றால், அந்தப் பிழை அவருக்கு எவ்வளவு பெரியதாகப் பட்டிருக்க வேண்டும்!

அண்ணன் அந்த உறையை எடுத்துக்கொண்டு நேராக ஆசிரியர் அறைக்குப் போனான். ஆசிரியருக்குச் சிவப்புப் பென்சில் வாசகரை நன்றாகத் தெரியும், கடிதம் மூலம்தான். உறையைப் பிரித்துப் படித்தார்: "மூன்றாம் பக்கம், கடைசிக் கட்டம். தொப்பையாருக்கு ஒரு விரல் அதிகம். திருத்தவும். ஒரு வாசகர்."

"இந்த மனுஷன் சொன்னா தப்பு இருக்காதே" என்று ஆசிரியர் தலையைச் சொறிந்தார். "ஆமா, இது உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"அவர் எங்க அப்பா சார்" என்றான் அண்ணன். சொல்லாதே என்று சொல்லி அனுப்பியதைச் சொல்லிவிட்டான். மெஷினையும் சொன்னான், நுழைவுத் தேர்வையும் சொன்னான். கடைசியில், "மிச்ச அஞ்சு நாள் படத்தையும் திருப்பிக் குடுங்க, விரலை எடுத்துட்டுத் தரேன். அடுத்த வாரம் கையெழுத்து வேண்டாம்" என்றான்.

ஆசிரியர் நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் இடம் இடம்தான். மேலாளர் இம்மியும் நகரவில்லை. அடுத்த மாதம் மூன்றாம் பக்க வலது ஓரத்தில் சலவைத்தூள் வந்தது. வேறு யாரையோ வைத்து, டை கட்டிய ஒருவனை வரைய வைத்திருந்தார்கள். ஐந்து விரலும் அம்சமாக இருந்தன. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே வரைந்திருந்தார்கள். தொப்பையாருக்கு ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பக்கத்தில், வழி கண்டுபிடிக்கும் புதிருக்குக் கீழே ஓர் இடம் ஒதுக்கினார்கள். வாரத்துக்கு ஒரு நாள்.

அண்ணன் வீரமாக இருந்தான் என்று எழுத ஆசைதான். இல்லை. முதல் மாதம் தவித்துப் போனான். காலையில் எழுந்து பென்சில்களைச் சீவுவான், சீவிய பென்சில்களையே மறுபடி சீவுவான். அண்ணி பழக்க தோஷத்தில் கண்ணாடி முன்னால் நின்று மெதுவாகத் தலை சீவியபடி காத்திருப்பாள். ஒருநாள், வரைய இடமே இல்லாத ஒரு யோசனையைச் சும்மா சொன்னான். சீப்பு நின்றது. மறுநாளும் ஒன்று சொன்னான். இப்போது ஆறு நாள் சொல்கிறான், சீப்பை அதிக நேரம் நிறுத்தியது எதுவோ அது ஞாயிற்றுக்கிழமை வருகிறது. முன்பைவிட நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னேன். இருபது வருஷத்தில் முதல் தடவை. காது சிவக்க, "கைப்பழக்கம்டீ" என்றான்.

அந்த நாலு விரல் கை எப்படி அவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று நான் இப்போது அடிக்கடி யோசிக்கிறேன். என் சாம்பல் கித்தானை மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன். அதில் எங்கே சிரிக்க வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். அப்பா சிறுவர் பக்கத்தை விரித்து வைத்திருந்தார். புதிரை விரலாலேயே தீர்த்துவிட்டுக் கீழே இறங்கினார். பூதக்கண்ணாடி தொப்பையார் மேல் ஊர்ந்தது. பொத்தானை எண்ணினார். குடையைப் பார்த்து, "பிடி மறுபடியும் தலைகீழ்" என்று முனகி வட்டம் போட்டார். சிவப்புப் பென்சில் இன்னும் கையிலேயே இருந்தது.

"கை, அப்பா?" என்று கேட்டேன்.

பென்சில் பிடித்த தன் கையை ஒட்டி, தொப்பையாரின் தூக்கிய கையை இன்னொரு தடவை பார்த்தார்.

"கைக்கு என்ன? கை சரியாத்தான் இருக்கு" என்றார்.